ஞானதீபக் கவிராயரும் வெற்றிப் புகழும்

புலவன் ஒருவன் எய்திய சிறப்பு யாருக்கு உரியது என்னும் வினாவிற்குத் தமிழ் மரபு பல விடைகளை அளித்துள்ளது. சங்கச் சான்றோர் தம் வாழ்வின் வளத்தைப் புரவலன் கொடைக்கு ஆக்கினர். திருஞானசம்பந்தர் பதிகந்தோறும் இறுதிப் பாடலில் தம் பெயரையும் ஊரையும் நிறுத்திப் பாடலின் பயனையும் உரைத்தார். காப்பியப் புலவரோ அவையடக்கம் கூறித் தம்மைத் தாழ்த்திக்கொண்டு, பின்னர்ப் பல்லாயிரம் அடிகளில் தம் ஆற்றலைக் காட்டினர். இவற்றுள் எவ்வழியும் கிறித்தவப் புலவருக்கு அப்படியே பொருந்துவதன்று. தன் வெற்றியைத் தனதெனக் கூறுதல் அவர் சமயத்தில் பிழை. மன்னனதெனக் கூறுதல் அதனினும் பெரும்பிழை. இந்நெருக்கடியைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) எங்ஙனம் எதிர்கொண்டார் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சமயக் கொள்கையின் வரலாற்றை விரித்துரைத்தல் நம் நோக்கமன்று. கொரிந்து நகரத்துச் சபையார் தத்தம் தலைவரைச் சொல்லிப் பெருமை பேசியபோது, பெற்றுக்கொள்ளாத ஒன்று உம்மிடத்தில் உண்டோ என்னும் கருத்துப்படப் பவுல் அவர்களை வினவினார். அவ்வினாவையே அடிப்படையாகக் கொண்டு, மனிதனின் தகுதி எனப்படுவதும் இறைவன் கொடையே என்று அகுஸ்தீன் பெலேகியுவை மறுத்தார். 418ஆம் ஆண்டுக் கார்த்தேசுச் சங்கம் அகுஸ்தீன் பக்கமே நின்றது. பதினாறாம் நூற்றாண்டில் லுத்தர் வழியினர் இதனைத் தம் சமயத்தின் உயிர்நிலையாக்கினர். நமக்கு வேண்டுவது அதன் பின்னர்ச் செருமானிய நாட்டு ஆலே நகரில் நிகழ்ந்ததாகும்.

ஆலேயில் அகுஸ்து எர்மான் பிராங்கே என்னும் போதகர் 1695இல் உண்டியலில் விழுந்த நான்கு தாலரும் பதினாறு குரோசனும் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே அது ஆதரவற்றோர் இல்லம், அச்சுக்கூடம், மருந்தகம் எனப் பெரு நிறுவனமாக வளர்ந்தது. இவ்வளர்ச்சியைத் தம் திறமை எனப் பிராங்கே கூறவில்லை. பணம் தீர்ந்த நாளையும் அது வந்து சேர்ந்த நாளையும் குறித்து, ஒவ்வொன்றையும் இறைவனின் அடிச்சுவடாகக் காட்டும் நூலொன்றை 1701 முதல் வெளியிட்டார். கணக்கேடே துதிப்பாடலாக மாறிய விந்தை இது. அந்நூல் புதிய நன்கொடையாளரை ஈர்த்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. இறைவற்குப் புகழ் கூறுதலும் நிறுவனத்திற்குப் பொருள் சேர்த்தலும் ஆங்கே ஒரே எழுத்தில் நிகழ்ந்தன. இதனைப் போலித்தனம் என்று தள்ளுவார் உளர். நாம் அங்ஙனம் கருதுகிலேம். பிராங்கே நம்பியதையே எழுதினார். ஆயினும் எழுதியதன் பயன் எழுதினோன் கருத்தோடு நின்றுவிடுவதில்லை.

ஆலேயில் பயின்ற சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவருடன் அப்பழக்கமும் கடல் கடந்தது. தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஆலேயில் அச்சேறி ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டன. அவற்றில் மனமாற்றங்களுக்கெல்லாம் இறைவன் அருளே காரணம். அருள் வந்த வழியோ பெரும்பாலும் ஊர்தோறும் நடந்து பேசிய தமிழ் உபதேசியாரின் நாவாகும். இறைவனுக்கும் மிஷனரிக்கும் இடையே அவ்வுபதேசியார் பெயர் பல இடங்களில் மங்கிப் போயிற்று. 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் போன்ற சிலரே விளங்கத் தோன்றுகின்றனர். எல்லாப் புகழும் இறைவற்கே என்பது தாழ்மையின் மொழி. அம்மொழியைப் பேசுவோன் அச்சுக்கூடத்தையும் உடையவனாயின், பிறர் உழைப்பும் அத்தாழ்மைக்குள் மறைந்துவிடக் காண்கிறோம்.

ஆலேயின் மாணவரான சுவார்த்தர் 1750இல் தமிழகம் வந்தார். பின்னர்த் தஞ்சையில் நிலைத்து 1798இல் மறைந்தார். அவர் வளர்ப்பில் இருவர் குறிக்கத்தக்கோர். ஒருவர், 1798இல் அரியணை ஏறிய மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி. மற்றவர், திருநெல்வேலியிலிருந்து சிறுவனாக அழைத்துவரப்பட்ட வேதநாயகம். ஒருவர் கலைப் புரவலர், மற்றவர் பாடவல்லார். பழைய மரபுப்படி நோக்கின், மன்னரைப் பாடிப் பரிசில் பெறுதலே இயல்பாகும்.

அக்காலத்துக் குறவஞ்சி இலக்கியம் அதற்கென்றே அமைந்தது போன்றது. உலா வரும் தலைவன், அவனைக் கண்டு மயங்கும் தலைவி, குறி சொல்லும் குறத்தி, அவளைத் தேடி வரும் சிங்கன் என்பன அதன் உறுப்புகள். குறத்தி தான் முன்னர்க் குறி சொல்லிப் பெற்ற பரிசுகளை எடுத்துரைத்துப் பெருமை கொள்வதும், சிங்கன் அவள் அணிந்த அணிகளைக் கண்டு இவை எங்ஙனம் வந்தன என வினவுவதும் அதில் சுவைமிக்க பகுதிகள். பரிசு பெறுதல் நாடகத்தினுள்ளும் நிகழ்ந்தது. நாடகத்திற்கு வெளியே புலவனுக்கும் நிகழ்ந்தது. திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் அளித்த நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. சரபோசி காலத் தஞ்சையிலேயே கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அம்மன்னரையே பாட்டுடைத் தலைவராக்கிச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார்.

அதே நகரில், அதே மன்னர் காலத்தில், அதே இலக்கிய வகையில் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியை ஆக்கினார். தலைவர் கிறித்து, தலைவி தேவமோகினி, சிங்கன் விரிக்கும் வலை நற்செய்தி வலை. பாட்டுடைத் தலைவனை மாற்றியதனாலேயே பரிசிலின் பொருளும் மாறிவிட்டது. பரிசு தருவோன் இறைவனே ஆகும்போது குறத்தியின் பெருமிதம் தற்புகழ்ச்சி ஆகாது, நன்றியுரை ஆகின்றது. இலக்கிய வகையைக் குலைக்காமல் அதன் செருக்கை மட்டும் இடம் பெயர்த்த இத்திறம் மிகவும் பாராட்டற்குரியது. வடிவத்தைத் துறந்தவர் பலர். வடிவத்தினுள்ளேயே விடை கண்டவர் சிலரே. அரச சமயத்துக் கடவுளைப் பாடுமாறு சரபோசி வேண்டியபோது அவர் மறுத்துக் கிறித்துவையே பாடினார் என்னும் செய்தி கிறித்தவர் நடுவே வழிவழியாக வழங்குகின்றது. அதன் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், அவர் நூற்போக்கிற்கு அது முரணன்று.

அவர் கீர்த்தனைகளில் வரும் முத்திரை இன்னும் நுட்பமானது. இயற்றியோன் தன் பெயரைப் பாட்டினுள் பொறித்தல் தஞ்சை இசை மரபு. வேதநாயகன் என்னும் பெயரோ வேதத்தின் தலைவன் எனப் பொருள்பட்டு இறைவனையும் சுட்ட வல்லது. அதே காலத்துத் திருவையாற்றுத் தியாகராசர் (1767–1847) முத்திரையும் திருவாரூர் இறைவன் பெயரே. முத்துசாமி தீட்சிதரின் குருகுக முத்திரையும் முருகன் பெயரே. சமயத்தால் வேறுபட்ட மூவரும் காவிரிக் கரையில் ஒரே தீர்வை அடைந்துள்ளனர். பாடினோன் பெயர் பாட்டில் நிற்கின்றது. ஆயினும் கேட்போன் செவியில் அது இறைவன் பெயராகவும் ஒலிக்கின்றது. ஆலேயின் கணக்கேட்டில் உழைத்தவன் பெயர் மறைந்தது. தஞ்சையின் முத்திரையிலோ உழைத்தவன் பெயர் மறையாமலே புகழ் கைமாறுகின்றது. இவ்விரண்டனுள் பின்னையதே நேர்மையிற் சிறந்ததென்பது நம் கருத்து.

இவ்வளவும் கூறியபின் மற்றொன்றைக் கூறாதொழிதல் ஆராய்ச்சி அறமாகாது. 1820களில் தஞ்சையில் பணியாற்றிய புதிய மிஷனரிமார் தமிழ்க் கீர்த்தனைகளைக் கட்டுப்படுத்தவும், ஆலயத்தில் சாதிவாரியான இருக்கையை நீக்கவும் முற்பட்டனர். சாஸ்திரியார் இரண்டையும் எதிர்த்தார். முன்னதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. மக்கள் நாவிற்கு இசைந்த பாடலை ஒதுக்கி அயல்மெட்டுப் பாடலைத் திணித்தல் பயனற்ற வேலை. பின்னதில் அவர் தம் வேளாளர் வகுப்பின் வரிசையைக் காத்து நின்றார். கல்வியும் கவித்துவமும் பெற்றுக்கொண்டவை என்று உளமாரப் பாடியவர், பிறப்பால் வந்த வரிசையை மட்டும் தமக்கே உரிய உடைமை போலக் கருதியது எங்ஙனம்? கொரிந்தியரை நோக்கிய பவுலின் வினா திறமையைக் காட்டிலும் பிறப்புப் பெருமையையே முதற்கண் தாக்கத் தக்கது. மிஷனரிமாரும் தமிழர் வழக்கத்தை அறியாது கடுமையாக நடந்தனர் என்பது அவருக்காகக் கூறப்படும் வாதம். அது அவர்தம் சினத்திற்குக் காரணம் ஆகலாம். கொள்கைக்குக் காரணம் ஆகாது. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் சபையில் சாதி வேறுபாடு அறவே ஒழிதல் வேண்டுமெனச் சுற்றோலை விடுத்தபோது, தஞ்சை வேளாளக் கிறித்தவர் பலர் அதனை ஏற்காது விலகி நின்றனர்.

சாஸ்திரியார்க்குப் பின் திருநெல்வேலியில் எச். ஏ. கிருட்டிண பிள்ளை (1827–1900) இரட்சணிய யாத்திரிகத்தை 1894இல் நூலாக வெளியிட்டபோது, மன்னர் சபை என்பதே இல்லாதிருந்தது. புரவலர் இடத்தில் இதழ் படிப்போரும் சபையாரும் இருந்தனர். ஆகவே தஞ்சையிற் கண்ட நெருக்கடி அவ்வடிவில் அவருக்கு நேரவில்லை. சாஸ்திரியாரின் முத்திரை அடிகளைக் கால வரிசைப்படுத்தி, சபைப் பூசலுக்கு முன்னும் பின்னும் அவர் தம் பெயரை எவ்வாறு நிறுத்தினார் என ஒப்பிட்டுக் காணும் பணி நம் மாணவர் மேற்கொள்ளத்தக்கது. அச்சுப் பாட்டுப் புத்தகங்கள் சரணங்களைக் குறைத்துப் பதிப்பித்தல் உண்டாதலின், அதற்கு அவற்றை மட்டும் நம்பாது ஓலைச்சுவடிகளையும் பழைய பதிப்புகளையும் நாடுதல் வேண்டும்.