ஐஸ்லாந்துக் கடலில் நாட்ஸ் கவுண்டி

1940 நவம்பர் 16 அன்று ஸ்காட்லாந்தின் கிளைடு கழிமுகத்தருகே ஆர்சனல் மூழ்கியது. போலந்துக் கடற்படையின் புர்ஸா என்ற நாசகாரிக் கப்பல் அதன்மீது மோதிவிட்டது. அதே ஆண்டு மே மாதம் நார்வேயின் நாம்சோஸ் அருகே ஜெர்மன் விமானங்களின் குண்டுகளுக்கு ஆஸ்டன் வில்லா இரையாகியிருந்தது. ஜூன் தொடக்கத்தில் டன்கர்க் மீட்பின்போது பிளாக்பர்ன் ரோவர்ஸ் போயிற்று. அடுத்த பிப்ரவரியில் ஃபாரோ தீவுகளில் லிங்கன் சிட்டி. சனிக்கிழமை மாலைகளில் ஊரே காது கொடுத்துக் கேட்ட பெயர்கள் எல்லாம் பிரிட்டிஷ் கடற்படையின் இழப்புப் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தன.

இவை போருக்கென்று பிறந்த கப்பல்கள் அல்ல. ஹம்பர் நதிமுகத்தில் இருக்கும் கிரிம்ஸ்பி துறைமுகத்தின் ட்ராலர்கள், அதாவது இழுவைமடி மீன்பிடிக் கப்பல்கள். கன்சாலிடேட்டட் ஃபிஷரீஸ் என்ற நிறுவனம் 1930களில் தன் புதிய ட்ராலர்களுக்குக் கால்பந்து கிளப்புகளின் பெயர்களை வரிசையாகச் சூட்டியது. கிரிம்ஸ்பி டவுன், டெர்பி கவுண்டி, ஸ்டோக் சிட்டி என்று நீண்ட அந்தக் கூட்டத்தை ஊரார் கால்பந்துக் கப்பற்படை என்றே சொன்னார்கள். கிரிம்ஸ்பி கிளப்பின் ஆட்டக்காரர்களுக்கு மாலுமிகள் என்பதுதான் பட்டப்பெயர். அப்படிப்பட்ட ஊரில் மைதானமும் மீன்துறையும் பெயரைப் பகிர்ந்துகொண்டதில் வியப்பில்லை.

இந்தக் கப்பல்களில் நான் பின்தொடர விரும்புவது நாட்ஸ் கவுண்டியை. அந்த கிளப் நாட்டிங்ஹாம் நகரத்தது. 1862இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய தொழில்முறைக் கால்பந்து கிளப். இத்தாலியின் யுவென்டஸ் அணி இன்றும் அணியும் கறுப்பு வெள்ளைச் சட்டை 1903இல் நாட்டிங்ஹாமிலிருந்து போனதுதான். நகரம் கடலை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளி இருந்தாலும், அதை ஒட்டி ஓடும் ட்ரென்ட் ஆறு ஹம்பரில் கலந்து கிரிம்ஸ்பியைத் தொட்டுத்தான் கடலுக்குப் போகிறது.

போர் வந்ததும் கடற்படை இந்த ட்ராலர்களை வாங்கிக்கொண்டது. வடகடலின் அலையைத் தாங்கும் உடம்பு, இழுவைமடியை இழுத்த கனமான வின்ச், எந்த வானிலையிலும் வேலை செய்யப் பழகிய ஆட்கள், எல்லாமே தயாராக இருந்தன. அணியத்தில் பீரங்கி ஏறியது, பின்புறம் ஆழ்கடல் குண்டுகள் ஏறின. மீன்பிடித்தவர்கள் நீர்மூழ்கிகளைத் தேடிப் போனார்கள். நாட்ஸ் கவுண்டியை 1942 மார்ச்சில் யு-701 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி ஐஸ்லாந்துக் கடலில் டார்பிடோ வீசி மூழ்கடித்தது.

போருக்குப் பிறகு அதே பெயர் இன்னொரு ட்ராலருக்கு வந்தது. அதுவும் ஐஸ்லாந்துக்கே போனது, இம்முறை மீனுக்காக.

1968 பிப்ரவரி 4ஆம் தேதி ஐஸ்லாந்தின் வடமேற்கில் இஸாஃப்யார்தர்ட்யூப் என்ற பெரிய ஃபியோர்டுக்குள் பல கப்பல்கள் புயலுக்கு ஒதுங்கியிருந்தன. அங்கே காற்றைவிடப் பனிக்கட்டிதான் எமன். தெறிக்கும் கடல்நீர் கம்பி, கொடிமரம், கைப்பிடி, ரேடார் எல்லாவற்றின் மீதும் பட்ட இடத்திலேயே உறைந்து, மேலே மேலே தடிக்கும். கோடரியும் சுத்தியலுமாக இரவெல்லாம் வெட்டிக் கடலில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் மேல்பாரம் கூடி, கப்பல் ஒருபக்கம் சாய்ந்து, பிறகு நிமிராது. அன்று ஹல் துறைமுகத்தின் ராஸ் கிளீவ்லண்ட் அப்படித்தான் கவிழ்ந்தது. ரேடாரில் உறைந்ததைத் தட்டிக்கொண்டிருந்ததால் முழு மழையங்கியோடு இருந்த ஹாரி எட்டம் ஒருவர்தான் பிழைத்தார். மிதவையில் அவரோடு ஏறிய இருவர், தகுந்த உடை இல்லாமல், அவர் கண்ணெதிரேயே விறைத்து இறந்தார்கள். போலுங்கர்விக்கிலிருந்து வந்த ஹெய்த்ரூன் என்ற ஐஸ்லாந்துப் படகும் ஆறு பேரோடு அதே இரவில் தொலைந்தது.

நாட்ஸ் கவுண்டி ஸ்னைஃப்யாலஸ்ட்ரோன்ட் கரையில் தரைதட்டியது. எஞ்சின் அடங்கி, வெப்பமில்லாமல், ஆட்கள் அறைக்குள் ஒடுங்கிக் கிடந்தார்கள். ஒருவர் குளிரில் இறந்துபோனார். மறுநாள் ஐஸ்லாந்துக் கடலோரக் காவற்படையின் ஓதின் கப்பல், தன் மேலிருந்த பனிக்கட்டியையே வெட்டிக்கொண்டு, சிகுர்துர் ஆர்னாசன் தலைமையில் அங்கே வந்து சேர்ந்தது. அதிலிருந்து இரண்டு அதிகாரிகள் ரப்பர் படகில் இறங்கிப் போனார்கள். மிச்சமிருந்த பதினெட்டுப் பேரையும் உயிரோடு கொண்டுவந்தார்கள். கடலில் கேட்ட கதைகளிலேயே இதற்கு இணையான துணிச்சலை நான் அதிகம் கண்டதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஹல் மட்டும் மூன்று ட்ராலர்களையும் 58 பேரையும் இழந்தது. லில்லியன் பிலோக்கா தலைமையில் மீனவக் குடும்பப் பெண்கள் தெருவில் இறங்கி, கப்பலுக்கு ஒரு வானொலி இயக்குநர் கட்டாயம் என்பது முதலான பாதுகாப்பு விதிகளைப் போராடி வாங்கினார்கள். அந்த விதிகளால் பிழைத்த ஆட்களில் கால்பந்துக் கப்பல்களின் ஆட்களும் உண்டென்றே நினைக்கிறேன்.

அதற்குப் பின் கடலே கைவிட்டுப்போயிற்று. தன் கரையிலிருந்து 1972இல் 50 கடல்மைல், 1975இல் 200 கடல்மைல் என்று ஐஸ்லாந்து எல்லையை அகட்டியது. பிரிட்டனின் ட்ராலர்களை எல்லைக்கு வெளியே விரட்டப் போன காவற்கப்பல்களில் ஓதினும் ஒன்று. பதினெட்டு உயிரைக் காத்த கப்பல் அதே நாட்டின் ட்ராலர்களோடு மல்லுக்கு நின்றது. தன் மீனைக் காக்க ஐஸ்லாந்துக்கு அந்த உரிமை இருந்தது என்பதே என் கருத்து. 1976இல் பிரிட்டன் இறங்கிவந்தது. கிரிம்ஸ்பியின் தொலைகடல் ட்ராலர்கள் ஒவ்வொன்றாக உடைப்புக்குப் போயின. ஓதின் இப்போது ரெய்க்யவிக் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது.