பார்த்தது யார்? எமல்ஷன் தட்டின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

எண்பதுகளின் நடுவில் ஒரு சிறுநகர ஸ்டுடியோவில் இரண்டு வருடம் இருட்டறை வேலை பார்த்திருக்கிறேன். நெகட்டிவ் கழுவுவது, பிரிண்ட் போடுவது, ஹைப்போ வாடை போகாத கையோடு டீ குடிப்பது. 'எமல்ஷன் பக்கம் கை வைக்காதடா, ஓரத்தப் புடி' என்பது முதலாளி தினமும் சொல்லும் மந்திரம். படத்தின் பின்னால் ஸ்டுடியோ முத்திரை இருக்கும். கழுவினவன் யாருன்னு ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றியதில்லை.

இந்தப் பழைய கதையை இப்போது எடுக்கக் காரணம் உண்டு. அணுக்கருவுக்குள் என்ன இருக்கிறது என்று தேடியவர்களின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது அதே எமல்ஷன் மறுபடியும் எதிரில் வந்து நின்றது. ஜெலட்டினில் கலந்த வெள்ளி புரோமைடு மணிகள்தான் எமல்ஷன். ஒளி பட்ட மணி டெவலப்பரில் கறுக்கும். ஒளிக்குப் பதிலாக மின்னூட்டம் கொண்ட ஒரு துகள் அதற்குள் ஓடினாலும் இதேதான் நடக்கும். கழுவி நுண்ணோக்கியில் வைத்தால் துகள் போன வழி கறுப்புப் புள்ளிகளின் வரிசையாகத் தெரியும். மெதுவாகப் போன துகளின் தடத்தில் புள்ளிகள் நெருக்கமாக விழுந்திருக்கும். வேகமாகப் போனதென்றால் விலகி விலகி.

தட்டு ஆள் பார்த்துப் பதிவதில்லை. ஆனால் தட்டில் இருந்ததைப் பார்த்தவர் யார் என்று எழுதும்போது ஆள் பார்க்கிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

2

வியன்னாவின் ரேடியம் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1923 முதல் 1938 வரை வேலை பார்த்தவர் மரியெட்டா பிளாவ். வேலை என்றால் சம்பளமில்லாத வேலை. வீட்டார் உதவியிலும் அவ்வப்போது கிடைத்த சிறு உதவித்தொகைகளிலும் காலம் ஓட்டினார். பெண், அதிலும் யூதப் பெண். நிரந்தரப் பதவி என்ற பேச்சே எழவில்லை.

1925இல் புரோட்டானின் தடத்தை எமல்ஷனில் பிடித்தார். ஆல்ஃபா துகளின் தடம் முன்பே தெரிந்ததுதான். புரோட்டான் அதைவிட மங்கலான தடம் விடும் ஆசாமி. அதைப் பிடிக்க எந்த எமல்ஷன், எவ்வளவு தடிமன், எந்தச் சாயத்தில் ஊறவைப்பது என்று வருடக்கணக்கில் சோதித்துக்கொண்டிருந்தார். மாணவியாக வந்து சக ஆய்வாளரான ஹெர்த்தா வம்பாகரும் அவரும் சேர்ந்து பினாக்ரிப்டால் மஞ்சள் என்ற சாயம் புரோட்டான் தடத்தைத் தெளிவாக்குகிறது என்று கண்டார்கள். தடித்த எமல்ஷன் வேண்டும் என்று ஆக்ஃபா, இல்ஃபோர்ட் கம்பெனிகளோடு பேசியும் எழுதியும் வந்தார் பிளாவ். கருவி செய்வது என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட அலுப்பான காரியம்தான்.

1937இல் இன்ஸ்புருக் அருகே ஹாஃபெலேகார் மலையில், ஏறத்தாழ 2300 மீட்டர் உயரத்தில், விக்டர் ஹெஸ்ஸின் ஆய்வு நிலையத்தில் தட்டுகளை மாதக்கணக்கில் காஸ்மிக் கதிருக்குக் காட்டினார்கள். கழுவிப் பார்த்தால் ஒரே புள்ளியிலிருந்து பல தடங்கள் நாலாபக்கமும் கிளம்பியிருந்தன. காஸ்மிக் கதிர் மோதி ஒரு அணுக்கரு சுக்குநூறாகத் தெறித்திருக்கிறது. அதற்கு நட்சத்திரம் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அதற்குச் சற்று முன்புதான் பிளாவ் ஆஸ்லோ கிளம்பியிருந்தார். திரும்பிப் போக முடியவில்லை. ஐன்ஸ்டைனின் சிபாரிசில் மெக்ஸிகோவில் வேலை கிடைத்தது. போகும் வழியில் ஹாம்பர்க்கில் அவருடைய ஆய்வுக் குறிப்புகளை நாஜிகள் பறித்துக்கொண்டார்கள். வியன்னாவில் எமல்ஷன் ஆய்வு நிற்கவில்லை. அதைத் தொடர்ந்தவர்களில் ஒருவர் வம்பாகர். அவர் 1934 முதலே நாஜிக் கட்சி உறுப்பினர்.

இந்த இடத்தில் நம்முடைய வழக்கமான வாசிப்பு கொஞ்சம் இடறுகிறது. இரண்டு பெண்கள், ஒரே மேஜை, ஒரே கட்டுரையில் இரண்டு பேருடைய பெயர்கள். ஒருத்தி துரத்தப்படுகிறாள், இன்னொருத்தி துரத்துகிறவர்களின் கட்சியில் இருக்கிறாள். 'பெண் விஞ்ஞானிகள் மறைக்கப்பட்டார்கள்' என்கிற ஒற்றை வாக்கியத்துக்குள் இந்தக் கதை அடங்காது.

3

1938க்குப் பிறகு கல்கத்தாவில் தேவேந்திர மோகன் போஸும் பிபா சௌத்ரியும் இதே முறையைக் கையில் எடுத்தார்கள். டார்ஜிலிங்கிலும் அதைவிட உயரமான மலைகளிலும் தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது இல்ஃபோர்டின் ஹாஃப்டோன் தட்டு. பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. அச்சில் படம் போட பிளாக் எடுப்பதற்கான சரக்கு அது. அந்தத் தட்டில் தெரிந்த தடங்கள் எப்படி நெளிகின்றன என்று அளந்து, எலெக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு நிறையுள்ள துகள் என்று கணக்கிட்டு 1940 முதல் 1942 வரை 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

இதைவிட உணர்வு மிகுந்த தட்டு அவர்களுக்கு வேண்டியிருந்தது. போர்க்காலம். தட்டு வரவில்லை. ஆய்வு அதோடு நின்றது. போருக்குப் பின் இங்கிலாந்தில் இல்ஃபோர்ட் கம்பெனி வெள்ளி செறிந்த புதிய எமல்ஷனைத் தயாரித்தது. அதைக் கொண்டு 1947இல் பிரிஸ்டலில் பவல், ஒக்கியாலினி, லாத்தெஸ் குழு பையானைக் கண்டது. பையான் சிதைந்து மியூவானாக மாறுவது ஒரே தட்டில் கண்ணுக்குத் தெரிந்தது. 1950இல் நோபல் பரிசு பவலுக்கு மட்டும். அந்த வருடம் பிளாவ், வம்பாகர் இருவர் பெயரையும் ஷ்ரோடிங்கர் பரிந்துரைத்திருந்தும் பலனில்லை. போஸும் சௌத்ரியும் தனக்கு முன்பே இதில் இறங்கியவர்கள் என்பதைப் பவல் 1959இல் தன் நூலில் ஒப்புக்கொண்டார்.

'இந்தியாவின் நோபலை வெள்ளைக்காரன் திருடிட்டான்' என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹாஃப்டோன் தட்டில் பையானையும் மியூவானையும் பிரித்து அவர்கள் காட்டவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. நல்ல தட்டு எங்கே தயாரானது, யார் கைக்குப் போனது? காலனியம் என்பது பார்வையிலும் சொல்லாடலிலும் மட்டும் இயங்கவில்லை. சரக்கு எந்தத் துறைமுகத்துக்குப் போகும் என்பதிலும் இயங்கியது. எதைக் காண முடியும் என்பதைத் தீர்மானித்ததும் அதுதான்.

பிபா சௌத்ரி பிற்பாடு டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனம் கோலார் தங்கவயலில் நடத்திய ஆய்வுகளிலும் பங்கெடுத்தார். அந்தச் சுரங்கத்தில்தான், தரைக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் அடையாளம் கிடைத்தது. மேலே இருந்த பாறைதான் வேண்டாத கதிரை வடிகட்டியது. ஒருவகையில் அந்தப் பாறையும் கருவியின் ஒரு பாகம். அந்த ஆழத்தைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து போன தமிழ் பேசும் தலித்துகள். அவர்கள் பெயரைக் கட்டுரையில் போட்டிருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. கருவியின் வரலாறு எங்கே தொடங்குகிறது என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

4

தட்டு பதிந்தால் போதாது. நுண்ணோக்கியில் அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டும். பிரிஸ்டலில் பவல் இதற்காகவே ஒரு குழுவை அமர்த்தினார். பெரும்பாலும் பெண்கள், இயற்பியல் படிக்காதவர்கள். நாள் முழுக்கக் குனிந்து தடம் தேடுவதுதான் வேலை. பையான் சிதையும் முதல் தடத்தைக் கண்டவர் அவர்களில் ஒருவரான மரியெட்டா குர்ஸ். அங்கேயே ஆராய்ச்சி மாணவியாக இருந்த ரோஸ்மேரி பிரவுன் 1948இல் ஒரு தடம் மூன்று பையான்களாகப் பிரிவதைக் கண்டு, இது புதிய துகள் என்று உணர்ந்தார். இன்று அதைக் கேயான் என்கிறோம். அவர் திருமணத்துக்குப் பின் முனைவர் பட்டத்தை முடிக்காமல் விலகினார். பிரிஸ்டல் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது 2024இல். அப்போது அவருக்கு வயது 98.

5

இனி எதிர்ப்பொருள். புரோட்டானுக்கு இணையாக எதிர் மின்னூட்டம் கொண்ட எதிர்ப்புரோட்டானை 1955இல் பெர்க்லியில் கண்டுபிடித்தார்கள். முதல் அறிவிப்பு மின்னணு எண்ணிகளைக் கொண்டு வந்தது. அதில் நாலு பேர் பெயர் இருந்தது. 1959இல் நோபல் பரிசு செக்ரே, சேம்பர்லெய்ன் என்ற இரண்டு பேருக்கு மட்டும்.

ஆனால் அது உண்மையில் எதிர்ப்பொருள்தானா? பொருளோடு சேர்ந்தால் இரண்டும் அழிய வேண்டுமே! அதைக் காட்டியது எமல்ஷன். எதிர்ப்புரோட்டான் தட்டுக்குள் நின்று, ஓர் அணுக்கருவைத் தொட்டு, நட்சத்திரமாக வெடித்தது. பிளாவ் கண்ட அதே வடிவம். தெறித்த துண்டுகளின் ஆற்றலைக் கூட்டினார்கள். ரோமில் கண்ட முதல் நட்சத்திரத்தில் கூட்டல் போதவில்லை. அடுத்து பெர்க்லியில் கண்ட ஒன்றில் அது 938 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியது. ஒரு புரோட்டானின் நிறைக்குச் சமமான ஆற்றல் அவ்வளவுதான். வந்த துகள் மட்டும் அழிந்திருந்தால் அதைத் தாண்ட வழியில்லை. ஆக, எதிரில் இருந்ததும் சேர்ந்து அழிந்திருக்கிறது.

இன்றைய கேள்வி இன்னும் நுட்பமானது. எதிர்ப்பொருள் பூமியில் எப்படி விழுகிறது? கீழ்நோக்கித்தான் விழுகிறது என்று செர்ன் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு 2023இல் காட்டியது. இதைத் துல்லியமாக அளக்க, மெதுவாக நகரும் எதிர்ப்பொருள் எந்த இடத்தில் அழிந்தது என்று மைக்ரோமீட்டர் கணக்கில் தெரிய வேண்டும். இங்கேதான் சிக்கல். வேகமான துகள் கருவியைத் துளைத்துக்கொண்டு போகும். மெதுவான எதிர்ப்புரோட்டான் முதலில் தொட்ட பரப்பிலேயே முடிந்துவிடும். நடுவில் காற்று இருந்தாலும் ஆகாது. எனவே கருவி வெற்றிடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

செர்னின் ஏஜிஸ் குழு பழைய எமல்ஷனைத்தான் தேடிப் போனது. வெற்றிடத்தில் ஈரம் போய் ஜெலட்டின் வெடித்துவிடும். கிளிசரினில் ஊறவைத்துச் சோதித்தார்கள், தாங்கியது. இந்தத் தட்டுகளைக் கொண்டு எதிர்ப்புரோட்டான்களின் பாதை ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் விலகியதைக்கூட அளந்து 2014இல் வெளியிட்டார்கள். ஸ்டுடியோவில் நாங்கள் ஊறவைத்துக் கழுவியதற்கும் இதற்கும் வேலை அளவில் பெரிய வித்தியாசமில்லை என்று நினைக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

எமல்ஷனில் ஒரு குறை: கழுவும் வரை எதுவும் தெரியாது. அதனால் அடுத்து செல்போன் கேமராவின் சென்சாரை எடுத்தார்கள். மேல் அடுக்குகளை உரித்துவிட்டு, 60 சென்சார்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு கருவி. அழிந்த இடத்தை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான பிழையோடு உடனுக்குடன் காட்டுகிறது. 2025இல் வெளியான அந்த ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அழிவு நடந்த புள்ளி எது என்று தீர்மானிப்பதில் கணினி நிரலைவிட மனிதக் கண் தேவலாம் என்று தெரிந்தது. 2500க்கும் மேற்பட்ட படங்களைச் சக ஆய்வாளர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்தார்கள். மறுபடியும் பிரிஸ்டல்.

6

விஞ்ஞானம் புறவயமானது, அதில் சாதி, பால், நாடு எதற்கு என்று ஒரு தரப்பு. விஞ்ஞானமே மேற்கின் அதிகாரச் சொல்லாடல்தான் என்று இன்னொரு தரப்பு. இரண்டாவது தரப்பில் நானும் ரொம்ப நாள் பேசியிருக்கிறேன். எமல்ஷன் தட்டு இரண்டு பேருக்கும் வசதியாக இல்லை. நாஜி கழுவினாலும் யூதப் பெண் கழுவினாலும் நட்சத்திரம் அதே நட்சத்திரம்தான். அதை விட்டுக்கொடுத்தால் பிளாவுக்கு நேர்ந்தது அநியாயம் என்று சொல்வதற்கான தரையே நமக்கு இருக்காது. அவர் பார்த்தது உண்மையாக இருந்ததால்தான் பறித்ததும் மறந்ததும் குற்றமாகின்றன. அதிகாரம் வேலை செய்த இடங்களைச் சுட்டிக்காட்ட முடியும்: சம்பளப் பட்டியல், தட்டு விநியோகம், எல்லைச் சோதனை, பரிசுக் கமிட்டி. இவை நான்கையும் கொள்கை அளவில் பேசினால் போதாது, பெயரும் வருடமும் சொல்லிப் பேச வேண்டும்.

பிளாவ் 1960இல் வியன்னா திரும்பினார். அதே ரேடியம் நிறுவனத்தில் மறுபடியும் சம்பளமில்லாமல் தட்டுகளைப் பார்த்தார். 1970இல் இறந்தார்.

'எல்லார் பெயரையும் எப்படிங்க போடறது, நடக்கிற காரியமா' என்று கேட்பார்கள். நாற்பதுகளின் கடைசியில் பிரிஸ்டலிலிருந்து வந்த தடப் படங்களை எடுத்துப் பாருங்கள். படத்தின் கீழே, அதை நுண்ணோக்கியில் கண்டெடுத்த பெண்ணின் பெயர் அச்சாகியிருக்கும்.