அடகுச் சீட்டும் அழைப்பிதழும்: ‘மிட்நைட்’ (1939) திரைப்படத்தில் பாவனையின் வரலாறு

1939 மார்ச்சில் பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘மிட்நைட்’ படத்தின் தொடக்கத்தில், மழை பெய்யும் இரவொன்றில் ஈவ் பீபாடி என்னும் அமெரிக்கப் பெண் பாரிஸ் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறாள். உடலில் பொன்னிற ஜரிகை மின்னும் மாலை விருந்துக்கான உடை. பெட்டி படுக்கை ஏதுமில்லை. கையிருப்பு 25 சென்டிம். மற்றதையெல்லாம் மான்டி கார்லோ சூதாட்ட மேசையில் இழந்துவிட்டாள். அவளுக்காக இரக்கப்பட்டு ஊரெங்கும் வேலை தேடிச் சுற்றிக் காட்டும் டாக்சி ஓட்டுநர் டிபோர் செர்னி ஓர் ஹங்கேரியர். அவர்மீது மனம் சாயத் தொடங்குவதை உணர்ந்ததுமே அவள் தப்பியோடி, செல்வந்தர்களின் இசை விருந்து நடக்கும் மாளிகை ஒன்றில் நுழைந்துவிடுகிறாள். வாசலில் அழைப்பிதழுக்குப் பதில் அவள் நீட்டுவது மான்டி கார்லோவின் அடகுச் சீட்டு. உள்ளே பெயரைக் கேட்டதும் அவள் வாயில் வருவது அந்த ஓட்டுநரின் பெயர். அந்தக் கணத்திலிருந்து அவள் ‘பரோனெஸ் செர்னி’.

மிட்செல் லெய்சன் இயக்கி, சார்லஸ் பிராக்கெட்டும் பில்லி வைல்டரும் திரைக்கதை எழுதிய இப்படம் ‘ஸ்க்ரூபால்’ நகைச்சுவை என்னும் வகையைச் சேர்ந்தது. அச்சொல் பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்தது. வழக்கமாக வளையும் திசைக்கு எதிர்த்திசையில் வளைந்து மட்டையாளரை ஏமாற்றும் பந்துவீச்சுக்கு அப்பெயர். 1930-களில் அதைப் புகழ்பெறச் செய்தவர் கார்ல் ஹப்பல் என்னும் பந்துவீச்சாளர். கிறுக்குத்தனமான மனிதரையும் அதே சொல்லால் சுட்டும் வழக்கு பரவியது. அதன்பின் அது ஒரு திரைப்பட வகையின் பெயராயிற்று. இவ்வகைப் படங்களில் மனிதர்களின் சமூக நிலையும், காதலும், சில வேளை பெயருமே எதிர்பாராத திசையில் வளைகின்றன.

அந்த வளைவுக்கு ஒரு காலப் பின்புலம் உண்டு. 1933-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையின்றி இருந்தார். நேற்றுவரை வசதியாக வாழ்ந்தவர் இன்று ரொட்டி வரிசையில் நிற்பதை மக்கள் கண்ணால் கண்டனர். செல்வம் ஒருவரின் இயல்பில் ஊறியது என்ற நம்பிக்கை அப்போது ஆட்டம் கண்டது. 1934 நடுவில் ஜோசப் பிரீனின் அலுவலகம் தயாரிப்பு நெறிமுறையைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தத் தொடங்கியதால், காமத்தையும் மணமுறிவையும் நேராகப் பேசும் வழி அடைபட்டது. பேச முடியாதவற்றைப் பாவனைகளின் வழியே பேசும் கலை வளர்ந்தது. தன் மனைவி எலனை அவளது காதலன் ஜாக் பிகோவிடமிருந்து பிரிப்பதற்காக, அந்தக் காதலனை மயக்குமாறு ஒரு பெண்ணுக்குப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்யும் கணவர்தான் இப்படத்தின் ஜார்ஜ் ஃபிளாமரியோன். இக்கருவை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் தணிக்கையைத் தாண்டியிருக்க இயலாது.

இயக்குநர் லெய்சன் ஆடை வடிவமைப்பாளராகவும் கலை இயக்குநராகவும் திரைத்துறைக்குள் வந்தவர். ஆடை ஒருவரைப் பற்றி என்ன பேசும் என்பதை அவரளவு அறிந்தோர் ஹாலிவுட்டில் குறைவு. 1937-இல் அவர் இயக்கிய ‘ஈசி லிவிங்’ படத்தில், பேருந்தின் மேல்தளத்தில் செல்லும் ஏழைப் பெண்ணின் தலைமீது ஒரு விலையுயர்ந்த மென்மயிர் அங்கி வந்து விழுகிறது; அதைக் கண்டவர்கள் அவளை ஒரு வங்கியதிபரின் ஆசைநாயகி என எண்ணிக்கொண்டு ஆடம்பர விடுதியையே அவளுக்குத் திறந்துவிடுகின்றனர். அவள் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை. ‘ஆள் பாதி ஆடை பாதி’ என்னும் பழமொழியின் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அப்படம் ஓடுகிறது. ‘மிட்நைட்’டில் எஞ்சிய பாதியும் சோதனைக்கு வருகிறது. ஆடை வாசலைத் தாண்டவே உதவும். உள்ளே சென்றபின் வாய் திறந்தாக வேண்டும்.

வாய் திறக்கும் இடத்தில்தான் இப்படம் மொழியியலாளரின் கவனத்துக்கு உரியதாகிறது. ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றி, 1962-இல் நூலாக வந்த உரைகளில், சில கூற்றுகள் ஒன்றை விவரிப்பதோடு நில்லாமல் ஒன்றைச் செய்தும் விடுகின்றன என்றார். பெயரிடுதல், வாக்களித்தல், மணமுடித்தல் ஆகியன அவ்வகையின. அவை நிறைவேற, உரிய ஆள் உரிய சூழலில் உரிய முறைப்படி சொல்ல வேண்டும். ஈவ் தன்னைப் பரோனெஸ் என்று அறிமுகம் செய்யும்போது ஆள் தவறு. சூழலும் முறையும் மட்டும் சரி. சீட்டாட்ட மேசையில் நான்காவது கை தேவைப்படுகிறது, ஆங்கொரு பெண் நல்ல உடையில் இருக்கிறாள், அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் இருக்கிறது. அவ்வளவே போதுமானதாகிறது. தத்துவவியலாளர் டேவிட் லூயிஸ் 1979-இல் விளக்கியது போல, பேசுபவர் ஒன்றை முன்னரே ஏற்கப்பட்டதாக வைத்துப் பேசினால், மறுப்பவர் எவருமில்லாதபோது கேட்போரின் பொது அறிவு அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பொய்யின் பாதி உழைப்பைக் கேட்பவர்களே செய்து முடிக்கிறார்கள்.

அவள் எடுத்துக்கொண்ட பெயரும் ஆராயத்தக்கது. டிபோர் என்பது ஹங்கேரியரிடம் பரவலான பெயர். செர்னியோ ‘கறுப்பு’ என்று பொருள்படும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்த குடும்பப் பெயர். இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருப்பது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கலப்பு வாழ்வுக்குச் சான்று. 1918-இல் அப்பேரரசு சிதைந்தது. செக்கோஸ்லோவாக்கியா அவ்வாண்டே பிரபுப் பட்டங்களை ஒழித்தது. ஆஸ்திரியா 1919-இல் ஒழித்தது. ஹங்கேரியில் மட்டும் அவை 1947 வரை நீடித்தன. ஆகவே மத்திய ஐரோப்பியப் பட்டம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு 1930-களின் பாரிஸில் ஒருவர் வந்து நின்றால், அது மெய்யா என்று அந்த வரவேற்பறையில் யார் சொல்ல முடியும்? பட்டத்துக்குப் பின்னால் நின்ற பேரரசே மறைந்துவிட்ட பிறகு, அதன் ஒலிநயம் மட்டும் கௌரவத்துடன் எஞ்சியிருந்தது.

ஈவின் பொய்யை முதலில் கண்டுகொள்பவர் ஃபிளாமரியோன். அவர் அவளைக் காட்டிக்கொடுப்பதில்லை. அவள் கைப்பையில் அவளறியாமல் பணம் வைக்கிறார். ரிட்ஸ் விடுதியில் பரோனெஸ் செர்னியின் பெயரில் அறைகளைப் பதிவு செய்கிறார். தன் பொய் வெளிப்படப்போகிறது என்று அஞ்சி விடுதி வாசலில் நிற்கும் ஈவிடம், பணியாளர் மரியாதையுடன் அவளது அறை தயார் என்கிறார். அவள் முகத்தில் அப்போது தோன்றும் திகைப்பு இப்படத்தின் மிகச் சிறந்த தருணங்களுள் ஒன்று. பொய் சொன்னவளே தன் பொய் மெய்யாகிவிட்டதைக் கண்டு மிரள்கிறாள்.

இதன் மறுபக்கம் இன்னும் கூர்மையானது. டாக்சி ஓட்டுநர்களைத் திரட்டி அவளைத் தேடிக் கண்டுபிடிக்கும் டிபோர், வெர்சாயில் நடக்கும் விருந்தில் ‘பரோன் செர்னி’யாகவே வந்து நிற்கிறார். அவள் குட்டு வெளிப்படவிருந்த நேரத்தில் அவரது வருகை அவளைக் காக்கிறது. பிறகு அவளை அழைத்துச் செல்வதற்காகத் தாம் வெறும் டாக்சி ஓட்டுநர் என்ற உண்மையைச் சபையில் உடைக்க முற்படுகிறார். ஈவ் அதற்குள் முந்திக்கொண்டு, தன் கணவருக்கு அவ்வப்போது சித்தம் கலங்கும் என்று சொல்லிவைத்துவிடுகிறாள். எனவே அவர் உண்மை பேசப் பேச, கேட்போர் அனுதாபத்துடன் தலையசைக்கின்றனர். உழைப்பாளி ஒருவர் தம் தொழிலைச் சொல்வது பைத்தியத்தின் அறிகுறியாக மாறுகிறது. பொய்யை ஏற்ற அதே பொறிமுறை உண்மையைத் தள்ளுகிறது; இரண்டு முறையும் கேட்போர் எவரையும் விசாரிப்பதில்லை. இறுதியில் மணமே ஆகாத இவ்விருவரும் மணமுறிவு கேட்டு நீதிமன்றம் செல்கின்றனர். அங்கே டிபோர் சித்தம் கலங்கியவராக நடிக்கிறார். அத்தகைய துணையை மணமுறிவு செய்யச் சட்டம் இடந்தராது என்று நீதிபதி மறுத்துவிடுகிறார். இல்லாத திருமணத்தைக் காப்பாற்றிய பெருமை சட்டத்துக்குக் கிடைக்கிறது. இருவரும் உடனே உண்மையாக மணமுடிக்கப் புறப்படுகின்றனர்.

இதை எழுதியவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்தச் சிரிப்பின் அடியில் என்ன கிடந்தது என்பது விளங்கும். வைல்டர் 1906-இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியின் கலீசியாவில் பிறந்த யூதர். பெர்லினில் இளம் பத்திரிகையாளராக இருந்தபோது விடுதியொன்றில் கூலிக்கு நடனத் துணையாக வேலை பார்த்து, அந்த அனுபவத்தைத் தொடராக எழுதியவர். பசியோடு நேர்த்தியான உடையில் நிற்பதன் பொருளை அவர் அறிவார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் 1933-இல் பாரிஸுக்கு ஓடினார். ‘மிட்நைட்’டுக்கு இசையமைத்த ஃபிரீட்ரிக் ஹொலாண்டரும் பெர்லினை விட்டு ஓடிவந்தவரே. மூலக்கதையில் பங்குபெற்ற ஃபிரான்ஸ் ஷுல்ஸும், ஜாக் பிகோவாக நடித்த ஃபிரான்சிஸ் லெடரரும் பிராகில் பிறந்தவர்கள். படம் வெளியான அதே 1939 மார்ச்சில் ஜெர்மானியப் படை பிராகுக்குள் நுழைந்தது. ஆறு மாதத்தில் போர் மூண்டது. வைல்டரின் தாயும் பாட்டியும் மாற்றாந்தந்தையும் பின்னர் நாஜி இனப்படுகொலையில் மாண்டனர்.

1934-இல் வருகையாளர் விசாவில் அமெரிக்கா வந்த வைல்டர், நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காக எல்லை தாண்டி மெக்சிகோவின் மெக்சிகாலி நகரிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் காத்திருக்க நேர்ந்தது. தேவையான சான்றிதழ்கள் பெரும்பாலும் அவரிடம் இல்லை. என்ன தொழில் என்று அதிகாரி கேட்க, திரைப்படங்கள் எழுதுவேன் என்றார் வைல்டர். அதிகாரி சற்று யோசித்துவிட்டு, நல்லவையாக எழுதும்படி சொல்லி முத்திரை குத்தினார். 1988-இல் ஆஸ்கர் மேடையில் தால்பெர்க் விருதைப் பெற்றபோது வைல்டரே இதைச் சொல்லி, பெயர் அறியாத அந்த அதிகாரிக்கு நன்றி கூறினார். அகதிக்குத் தாள்தான் உயிர். ஒருவர் சொல்லும் சொல் மெய்யாக இருந்தாலும், எதிரே அமர்ந்திருப்பவர் ஏற்றால்தான் அது செல்லும். அடகுச் சீட்டு அழைப்பிதழாக மாறும் நகைச்சுவை இந்த அனுபவத்துக்கு வெகு அருகில் நிற்கிறது. அதே வாழ்வின் கசந்த வடிவத்தை வைல்டரும் பிராக்கெட்டும் எழுதி லெய்சன் இயக்கிய ‘ஹோல்ட் பேக் தி டான்’ (1941) காட்டியது. அதில் மெக்சிகோ எல்லையில் சிக்கிய ஐரோப்பியர் ஒருவர் விசாவுக்காக ஓர் அமெரிக்கப் பெண்ணைப் பொய்க்காதலால் மணக்கிறார்.

எனினும் இப்படம் கொண்டாடும் சுதந்திரம் எல்லோருக்கும் கிட்டியதன்று. ஈவாக நடித்த கிளாடெட் கோல்பெர்ட் பாரிஸ் அருகே பிறந்து, குழந்தையாக நியூயார்க் சென்றவர். பிரெஞ்சு மண்ணில் பிறந்த நடிகை ஹாலிவுட் அரங்கில் அமைந்த பாரிஸில் அமெரிக்கப் பெண்ணாக நடித்தார். அதே கோல்பெர்ட் 1934-இல் ‘இமிடேஷன் ஆஃப் லைஃப்’ என்னும் படத்தில் நாயகி. அப்படத்தில் ஃபிரெடி வாஷிங்டன் ஏற்ற பியோலா என்னும் பாத்திரம், வெளிர்நிறத் தோலுடைய கறுப்பினப் பெண். வெள்ளையராகப் பாவித்து வாழ முயல்கிறாள். அவளும் தனக்கு மறுக்கப்பட்ட அறைக்குள் நுழைய ஒரு பொய்யைத்தான் பயன்படுத்துகிறாள். அவளுக்கு ஃபிளாமரியோன் எவரும் வந்து அறை பதிவு செய்வதில்லை. தாயின் சவப்பெட்டியருகே அழுது மன்னிப்புக் கேட்பதே கதை அவளுக்கு விதிக்கும் முடிவு. ஐந்தாண்டு இடைவெளியில், ஒரே திரையுலகில், வர்க்கக் கோட்டைத் தாண்டிய பாவனை சிரிப்பாகவும், நிறக் கோட்டைத் தாண்டிய பாவனை பாவமாகவும் எழுதப்பட்டன.

இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பது மாணவர்களுக்குப் பயன் தரும். பாவனை வெல்வதும் தோற்பதும் நடிப்பவரின் திறமையைப் பொறுத்தது என்றே ‘மிட்நைட்’ முதலில் எண்ணத் தூண்டுகிறது. ரிட்ஸ் விடுதியின் காட்சியும் விருந்தில் டிபோரின் உண்மை செல்லாமற்போவதும் அதை மறுத்துவிடுகின்றன. யாருடைய சொல்லை விசாரணையின்றி ஏற்பது, யாருடைய சொல்லை விசாரித்த பின்னும் மறுப்பது என்பதைச் சபை முன்னரே முடிவுசெய்து வைத்திருக்கிறது. 2013-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ‘மிட்நைட்’டைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. அழகிய பொழுதுபோக்குப் படமாக அது காக்கப்படத் தகுதியானதே. கையில் செல்லாத தாளுடன் வாசலில் நின்றவர்கள் சேர்ந்து உருவாக்கிய ஆவணமாகவும் அதைப் படிக்க வேண்டும்.