பாலைவனத்தில் வேட்டைப் பறவைகளைப் படமெடுப்பது

கழுகு, பருந்து, வல்லூறு ஆகியவற்றைப் படம் பிடிப்பது ஆபத்தான வேலை என்பதை எரிக் ஹாஸ்கிங்கின் வாழ்க்கை காட்டும். இந்த ஆங்கிலேயப் புகைப்படக்காரர் 1937இல் ஆந்தை ஒன்று தாக்கியதால் ஒரு கண்ணை இழந்தார். ஆயினும் தொழிலை விடவில்லை. 1963இல் கை மவுண்ட்ஃபோர்ட் தலைமையில் ஜோர்டான் பாலைவனத்தை ஆராயச் சென்ற குழுவில் அவரும் இடம்பெற்றார்.

பாலைவனத்தில் வேறொரு தொல்லை உண்டு. வெயில் ஏற ஏறத் தரை கொதிக்கிறது. அதை ஒட்டிய காற்று விரிந்து, அதன் ஒளிவிலகல் எண் குறைகிறது. வெப்பக் காற்றும் குளிர்ந்த காற்றும் புரளும்போது அவற்றின் ஊடே வரும் ஒளிக்கதிர்கள் ஓயாமல் வளைகின்றன. தொலைவில் அமர்ந்திருக்கும் கழுகு நீருக்குள் இருப்பதுபோல் நெளியும். சக்திமிக்க தொலைநோக்கு லென்சைப் பொருத்தினால், கழுகோடு அந்த நெளிவும் பெரிதாகிவிடும்! ஆகவே தரை சூடேறுமுன், விடியற்காலையில், மறைவிடத்தில் அமர்ந்து பறவை அருகே வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அக்குழு ஆராய்ந்த அஸ்ரக் பாலைவனச் சோலை, வலசை செல்லும் பறவைகள் இளைப்பாறும் இடம். நகரங்களுக்காக நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் 1992இல் அதன் ஊற்றுகள் வற்றின. பின்னர் ஒரு சிறு பகுதியே மீட்கப்பட்டது. முன்பு அங்கே இருந்தது என்ன என்பதற்கு 1960களின் படங்களே கண்கண்ட சாட்சி.

நீங்களும் பறவையைப் படமெடுத்தால், நாளையும் இடத்தையும் மறவாமல் குறித்து வையுங்கள்.