நாற்பது ஏக்கரும் பஞ்சமி நிலமும்

2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தை முழங்காலால் அழுத்தி ஒரு போலீஸ்காரர் கொன்றார். ஊரடங்கில் காஞ்சிபுரத்துத் தறிகள் ஓய்ந்து கிடந்த நாள்கள் அவை. அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்த என் அக்கா மகள் கேட்டாள்: “மாமா, இதுக்கு நாம இங்க உக்காந்துக்கிட்டு என்ன செய்ய முடியும்?” படி என்றேன். “எதைப் படிக்கிறது?” என்றாள். அவளுக்குச் சொல்லத் தொடங்கியதுதான் இங்கே கட்டுரையாகியிருக்கிறது. இரண்டு அரசாணைகள், இரண்டுக்கும் இடையே 27 ஆண்டுகள். ஒன்று அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரையில் பிறந்தது. மற்றொன்று காஞ்சிபுரம் அடங்கிய நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சென்ற அறிக்கையால் பிறந்தது.

முதலாவது 1865. உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரைத் தளபதி ஷெர்மன் பிடித்திருந்தார். ஜனவரி 12 அன்று இரவு அவரும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும் கறுப்பினப் போதகர்கள் 20 பேரை அழைத்து, உங்கள் மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அடிமைகளாக இருந்தவர்களிடம் அப்படிக் கேட்பது அன்று அபூர்வம். எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொன்னவர் கேரிசன் ஃபிரேசியர். அவருக்கு வயது 67. எட்டாண்டுகளுக்கு முன்புதான் 1,000 டாலர் கொடுத்துத் தன்னையும் தன் மனைவியையும் அடிமைத்தனத்திலிருந்து மீட்டிருந்தார். அவர் கேட்டது நிலம். சொந்த உழைப்பில் உழுது பிழைக்க நிலம் இருந்தால் எங்களை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்பதே அவர் பதிலின் சாரம்.

நான்கே நாளில் ஷெர்மன் 15ஆம் எண் கள ஆணையைப் பிறப்பித்தார். சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரை கடலோரத் தீவுகளும், கரையிலிருந்து 30 மைல் தூரம் வரை கைவிடப்பட்ட நெல்வயல்களும் விடுதலை பெற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மேற்படாமல் நிலம். அந்த ஆண்டு ஜூன் மாதத்துக்குள் ஏறக்குறைய 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறிப் பயிர் வைத்தார்கள்.

இரண்டாவது 1892. அதற்கு வித்திட்டது 1891இல் எழுதப்பட்ட ஓர் அறிக்கை. காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு ஜில்லாவின் ஒரு தாலுகா. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊர் என்று காஞ்சியை எழுதுகிறவர்கள், அதைச் சுற்றியிருக்கும் ஏரிப்பாசன ஊர்களை எட்டிப் பார்ப்பதில்லை. ஜில்லா கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் எட்டிப் பார்த்தார். பறையர் மக்களின் நிலையைப் பற்றி வருவாய் வாரியத்துக்கு அவர் அனுப்பிய அறிக்கையில் என்னை இன்றும் உறுத்துவது குடிமனை பற்றிய பகுதி. அந்த மக்கள் குடிசை போட்டிருந்த மண்கூட மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் வீடு போய்விடும். தரிசு நிலத்துக்குத் தரக்காஸ்து (விண்ணப்பம்) போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. சிறு கடன் வாங்கியவர் அதற்கு ஈடாகப் பண்ணையாள் ஆனார். சட்டப் புத்தகத்தில் அடிமைமுறை 1843லேயே செல்லாததாகிவிட்டது. வயலில் அது வேறு பெயரில் நீடித்தது. காஞ்சிபுரத்து நெசவாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை அடைக்காமல் வேறு இடத்தில் தறி ஏற முடியாது என்ற கணக்கு இந்த ஊர்த் தெருக்களுக்கு நன்றாகவே தெரியும்.

செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகள் இந்த மக்களுக்கு நிலம் வேண்டும் என்று அரசை நெருக்கினார்கள். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்று பெயரிட்டே இதழ் தொடங்கினார். பின்னர் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று பல ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிசெய்தவரும் அவரே. நிறவெறி ஆண்ட மண்ணையும் சாதி ஆண்ட மண்ணையும் கண்ணால் கண்ட மனிதர் அவர். திரும்பி வந்து சென்னை சட்டசபை உறுப்பினரானார். பொதுத் தெருக்களும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் அங்கே கொண்டுவந்து நிறைவேற்றினார். காஞ்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் மண்டேலாவைத் தெரிந்து வைத்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. சீனிவாசனைத் தெரியாமலிருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

டிரெமன்ஹீர் அறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. அதில் தொடங்கி அடுத்தடுத்து வந்த வருவாய்த்துறை ஆணைகளின்படி தரிசு நிலங்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்டன. பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் கைமாற்றலாம். மீறினால் இழப்பீடு தராமல் அரசு நிலத்தை மீட்கலாம் என்பவை நிபந்தனைகள். இவற்றைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம், ஊர்ப்பக்கம் டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பு) நிலம் என்பார்கள். மாகாணம் முழுதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நில உரிமை இயக்கங்கள் சொல்லும் கணக்கு.

இரண்டு நிலங்களும் கைநழுவின. நழுவிய விதத்தில்தான் இந்த ஒப்பீட்டின் உயிர் இருக்கிறது.

அமெரிக்காவில் வாக்கு வெளிப்படையாக முறிக்கப்பட்டது. 1865 ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய பண்ணை முதலாளிகளுக்கு மன்னிப்பு வழங்கி நிலத்தையும் திருப்பித் தந்தார். அக்டோபரில், ஒதுக்கப்பட்ட தீவுகளில் ஒன்றான எடிஸ்டோவின் தேவாலயத்தில் கூடிய மக்களிடம் அதைச் சொல்லும் வேலை தளபதி ஹோவர்டுக்கு வாய்த்தது. அவர் பேசப்பேசக் கூட்டம் கொந்தளித்தது. பிறகு துயரப்பாட்டு எழுந்தது. அந்த மக்கள் மூவர் குழு அமைத்து ஹோவர்டுக்கும் குடியரசுத் தலைவருக்கும் மனு எழுதினார்கள். உங்களை அடிமையாய் வைத்திருந்தவர்களை மன்னியுங்கள் என்று ஹோவர்டு கேட்டுக்கொண்டிருந்தார். தன்னை மரத்தில் கட்டி அடித்தவனை, தன் தாயையும் சகோதரியையும் அடித்தவனை எப்படி மன்னிப்பது என்று அந்த மனு திருப்பிக் கேட்டது. பதிலாக நிலம் கிடைக்கவில்லை. ஆனால் யார் கொடுத்தார், யார் பறித்தார், எந்த மாதம் என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கிறது. 1989இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் இழப்பீட்டை ஆராயக் கோரும் மசோதாவை அமெரிக்க நாடாளுமன்றத்தில் முதன்முதலில் வைத்தார். பின்னர் அதை மீண்டும் வைத்தபோது, நாற்பது ஏக்கரை நினைவூட்டும் வகையில் அதற்கு 40 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தார்.

நம் மாவட்டத்தில் வாக்கை யாரும் முறித்ததாக அறிவிக்கவில்லை. 1892க்குப் பின் வந்த எந்த ஆட்சியும் பஞ்சமி நிலம் செல்லாது என்று ஆணையிடவில்லை. கடனுக்கு எழுதி வாங்கிய பத்திரத்தில் போயிற்று, வேறு பெயரில் ஏறிய பட்டாவில் போயிற்று, கேட்க ஆளில்லாத வீட்டின் வரப்பு நகர்ந்ததில் போயிற்று. பறித்தவர் என்று கைநீட்ட ஒரு ஜான்சன் இங்கே இல்லை. கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு மாமல்லபுரம் பக்கத்துக் காரணை சாட்சி. அங்குள்ள பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள்.

சாதியும் இனமும் ஒன்றா என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போக நான் விரும்பவில்லை. ஒன்றல்ல. தோல் நிறத்தை வைத்துச் செங்கல்பட்டில் யாரையும் பிரிக்க முடியாது. இங்கே பிரிப்பது பிறந்த தெரு. 2001இல் டர்பன் நகரில் நடந்த ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் வலியுறுத்தின. இந்திய அரசு எதிர்த்தது. பெயர்ப் பொருத்தத்தில் அரசின் வாதத்துக்கு இடமுண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் எடிஸ்டோவில் மனு எழுதியவரையும் செங்கல்பட்டு ஜில்லாவில் தரக்காஸ்து போட்டவரையும் அருகருகே உட்கார வைத்தால், ஒருவர் கதையை மற்றவர் பாதியிலேயே புரிந்துகொண்டிருப்பார். 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும் இந்தப் புரிதலில்தான்.

என் தீர்ப்பு இது. அமெரிக்கக் கறுப்பின மக்கள், ரத்தான ஓர் ஆணைக்கு ஈடு கேட்கிறார்கள். நம் மாவட்டத்துச் சேரி மக்கள் கேட்பது ஈடல்ல. இன்றும் ரத்தாகாத ஆணையை நிறைவேற்றுங்கள் என்பதுதான். இந்த வகையில் நம் கடமை எளிது. அதனாலேயே நம் மௌனத்தின் குற்றம் பெரிது.

‘அசுரன்’ படம் 2019இல் வந்தபின் பஞ்சமி என்ற சொல் டீக்கடை வரை வந்துவிட்டது. அங்கேயே நின்றுவிடக் கூடாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளால் காஞ்சிபுரத்தைச் சுற்றி ஏரிக்கரை வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருக்கிறது. நீங்களும் ஒரு மனைக்கு முன்பணம் கொடுக்க நினைத்திருக்கலாம். கொடுக்கும் முன் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போங்கள். அ-பதிவேட்டைக் கேட்டுப் பார்த்து, அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே பஞ்சமி என்றோ டி.சி. என்றோ நிபந்தனை ஒப்படை என்றோ இருக்கிறதா என்று படியுங்கள். இருந்தால் வாங்காதீர்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த ஊர்ச் சேரியில் போய்ச் சொல்லுங்கள்.