அகதி உளநலமும் தங்கும் உரிமையும்: கொழும்பு தரும் சில சான்றுகள்

உளநோய் தனிமனிதரின் அகத்தே தோன்றி, அங்கேயே வைத்துக் குணமாக்கப்படத்தக்க குறைபாடு என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இதனால், இடம்பெயர்க்கப்பட்ட மக்களின் உளநலம் பற்றிய உரையாடல்களில் வைத்தியர் எத்தனை பேர், நிலையங்கள் எத்தனை என்ற வினாக்களே முன்னிற்கின்றன. அவை இன்றியமையாதனவே. ஆயின் புகுந்த இடத்திலே அச்சமின்றித் தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டா என்ற வினா அவை அனைத்துக்கும் முந்தியது. கொழும்பின் அண்மைக்கால வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது.

இலங்கையில் உளமருத்துவம் காவலாகவே தொடங்கியது. 1847 இல் பொரளையில் ஆங்கில ஆட்சி மனநோயர் காப்பகத்தை நிறுவியது. 1873 ஆம் ஆண்டின் சட்டம் மனநோயரை நீதிமன்ற விசாரணைக்குரியவராக்கியது. 1920களின் பிற்பகுதியில் எழுந்த அங்கொடை வைத்தியசாலையும் இம்மரபின் தொடர்ச்சியே. அவ்வூர்ப் பெயர் மூன்று மொழிச் சமூகங்களிலும் வசைச்சொல்லாயிற்று. 2008 இல் அது தேசிய மனநல நிறுவகமாகப் பெயர் மாற்றம் பெற்றபோதும் அவ்வசை முற்றாக நீங்கிற்றென்று கூறமுடியாது. துயருற்றவர் உதவி நாடுவதற்கும் அஞ்சும் நிலைக்கு இவ்வரலாறு ஒரு காரணமாகும்.

1983 யூலை 24 ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கிய வன்முறை மறுநாள் வெள்ளவத்தை உட்படத் தமிழர் வாழ்ந்த பகுதிகளைத் தாக்கியது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமான நிலையமும் அகதி முகாம்களாயின. சொந்த நகரத்திலேயே அகதிகளானோர் பலர் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1980 இல், வியட்நாம் போரிலிருந்து மீண்ட படையினரின் அனுபவத்தை ஒட்டி, அமெரிக்க உளமருத்துவச் சங்கம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயைத் தன் நோய்ப் பட்டியலிற் சேர்த்திருந்தது. பெரும் பேரழிவுகள் மனித மனத்தை நோயுறச் செய்கின்றன என்பதை உலக மருத்துவம் ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. கொழும்பிலோ மக்களின் அச்சம் ஒரு போக்குவரத்துப் பிரச்சினையாகவே கையாளப்பட்டது.

போர் நீடிக்க, வடக்கு கிழக்கிலிருந்து வந்தோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த லொட்ஜுகளை நிறைத்தனர். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் தொழிலுக்கும் வைத்தியத்துக்குமாக மாதக்கணக்கிற் காத்திருந்தோர் அவர்கள். சட்ட நோக்கில் அகதிகளல்லர், நாட்டின் பிரசைகள். எனினும் பொலிஸ் பதிவும் நள்ளிரவுச் சுற்றிவளைப்பும் அவர்தம் அன்றாடமாயின. இவர்களுக்கு உளமருத்துவம் எட்டாமைக்கு வர்க்கமும் மொழியும் காரணங்களாயின. வெளிநாட்டில் உறவினர் உள்ளவர் தனியார் மருத்துவமனையில் 'சனல்' செய்து வைத்தியரைக் காண இயலும்; வாடகைக்கே கடன்படுபவரால் இயலாது. எலும்பு முறிவைக் கதிர்ப்படம் காட்டிவிடும். மனத்தின் முறிவை நோயாளியின் சொல்லே காட்டவேண்டும். தமிழ் 1987 இல் அரசகரும மொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டபோதிலும், தலைநகரின் அரச வைத்தியசாலைகளிலே தன் துயரைத் தன் மொழியிற் கூறும் வாய்ப்பு எல்லாத் தமிழருக்கும் கிட்டவில்லை.

2007 யூன் 7 ஆம் திகதி அதிகாலையில் நிகழ்ந்தது இவ்வனைத்தையும் விஞ்சியது. கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை முதலிய இடங்களின் லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு, பெரும்பாலும் வவுனியாவுக்கு, அனுப்பப்பட்டனர். தகுந்த காரணமின்றித் தங்கியிருந்தோர் என்பது பொலிஸார் கூறிய நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்பேரில் உயர் நீதிமன்றம் மறுநாளே இவ்வெளியேற்றத்தைத் தடைசெய்தது. பிரதமர் வருத்தமும் தெரிவித்தார். போர்க்காலப் பாதுகாப்புத் தேவையை இங்கு சிலர் சுட்டலாம். ஆனால் குற்றம் எதுவும் சாட்டப்படாதவரைப் பிறந்த இடம் நோக்கி அகற்றுதல் பாதுகாப்பு ஆகாது. நாளை இவ்வறையில் இருப்போமா என்று அறியாதவருக்கு அடுத்த மாதச் சிகிச்சைக்கான திகதியால் யாது பயன்?

இவ்வினா கொழும்புக்கு மட்டும் உரியதன்று. லொட்ஜுகளைக் கடந்து அவுஸ்திரேலியா சென்ற தமிழரிடையே 1990களில் ஸ்டீல், சிலோவ் முதலிய ஆய்வாளர் சிட்னியில் மேற்கொண்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. மனவடு அறிகுறிகளிற் காணப்பட்ட வேறுபாட்டின் 20 வீதத்தைப் புலம்பெயர்வுக்கு முந்திய கொடுமைகள் விளக்கின; மேலும் 14 வீதத்தைப் புகுந்த நாட்டின் நெருக்கடிகள் விளக்கின. போர் தந்த நோயை ஏற்கும் நாட்டின் குடிவரவுக் கொள்கையும் வளர்க்கின்றது என்பதே இதன் பொருள்.

நாமும் விருந்தளிக்கும் நிலையில் இருந்துள்ளோம் என்பதை மறத்தலாகாது. 2019 ஏப்பிரல் 21 அன்று கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களிற் குண்டுகள் வெடித்தன. அதனையடுத்து, நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் வாழ்ந்த பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் துரத்தப்பட்டனர். அவர்களுக்கும் அக்குண்டுகளுக்கும் தொடர்பு இருக்கவில்லை. அவர்களுட் பலர் அகமதியர். தம் நாட்டில் மதவெறிக்குத் தப்பி வந்தோர். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இலங்கை கைச்சாத்திடாமையால், அவர்களுக்குச் சட்டப் பிடிமானமும் இருக்கவில்லை. அவர்களுள் ஒரு பகுதியினர் கொண்டு செல்லப்பட்ட இடம் வவுனியாவின் பூந்தோட்டம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் லொட்ஜுகளிலிருந்து அகற்றப்பட்ட தமிழர் கொண்டு செல்லப்பட்டதும் அதே வவுனியாவுக்கே. அங்கும் அவர்களுக்கு எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன என்பது தமிழராகிய நாம் வெட்கத்துடன் எண்ணிப் பார்க்கவேண்டியது.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளமருத்துவப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனியரோடு நில்லாது குடும்பத்தையும் சமூகத்தையும் ஊடறுப்பது என்பதைத் தம் ஆய்வுகளில் நிறுவினார். சமூகம் காயமுற்றதெனின் மருந்தும் சமூகத்தளத்திலே தொடங்கவேண்டும். நோயாளியின் மொழியறிந்த ஊழியரும் இலவச வைத்தியமும் அகதிக்கு வேண்டும். அவற்றோடு, இரவில் கதவு தட்டப்படாத ஓர் அறையும் வேண்டும். அதை மறுக்கும் அரசு எத்தனை சிகிச்சை நிலையங்களைத் திறப்பினும், நோயைத் தொடர்ந்து உற்பத்தி செய்துகொண்டே இருக்கும்.