தண்டுவட மரப்பு நோய் விழிப்புணர்வு நாள்கள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய் குறித்த விழிப்புணர்வு நாள் ஆண்டுதோறும் மே 30 அன்று உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்நோயின் முதல் அறிகுறிகள் பெரும்பாலும் தாமாகவே மறைந்துவிடுவதால், நோயுற்றவர் மருத்துவரை நாடாமலே இருந்துவிட நேர்கிறது. அந்தக் காலதாமதத்தைக் குறைப்பதே இந்நாளின் முதன்மைப் பயன். தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழ்வோர் அறிய வேண்டிய செய்திகள் இங்குத் தொகுத்துத் தரப்படுகின்றன.

நோயின் தன்மை

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் பாதுகாப்பு உறை உள்ளது. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே இவ்வுறையைத் தாக்கிச் சிதைப்பதால் நரம்புச் செய்திகள் தடைபடுகின்றன. இந்நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதிற்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இருமடங்கு காணப்படுகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோய் அன்று.

விழிப்புணர்வு நாள்கள்

• மே 30, உலக நாள்: பன்னாட்டுத் தண்டுவட மரப்பு நோய்க் கூட்டமைப்பு இதனை 2009-ஆம் ஆண்டு தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் மே மாதத்தின் கடைசிப் புதன்கிழமை கடைப்பிடிக்கப்பட்டு, பின்னர் மே 30 என நிலைபெற்றது. 2024, 2025 ஆகிய ஆண்டுகளின் கருப்பொருள் நோயறிதல் ஆகும்.
• பிற நாடுகளின் நாள்கள்: அமெரிக்காவில் மார்ச் மாதமும், கனடாவில் மே மாதமும் விழிப்புணர்வு மாதங்களாகும்.
• டிசம்பர் 3, பன்னாட்டு மாற்றுத்திறனாளிகள் நாள்: ஐக்கிய நாடுகள் அவை 1992-இல் அறிவித்தது. இந்நோய் சட்டப்படி இயலாமையாக ஏற்கப்பட்டுள்ளதால், இந்நாளும் நோயாளிகளுக்கு உரியதே.

இந்தியாவில், 1985-இல் தொடங்கப்பட்ட இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்படுகிறது. சென்னையிலும் இதற்குக் கிளை உண்டு.

புறக்கணிக்கக் கூடாத அறிகுறிகள்

• ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்குதல், கண்ணை அசைக்கும்போது வலி, சிவப்பு நிறம் வெளிறித் தெரிதல்
• கை, கால் அல்லது உடலின் ஒரு பக்கம் மரத்துப்போதல்
• கால் தளர்ச்சி, நடையில் தடுமாற்றம்
• இரட்டைப் பார்வை, தலைச்சுற்றல்
• சிறுநீரை அடக்க இயலாமை
• ஓய்வெடுத்தும் நீங்காத கடும் சோர்வு

இவை சில நாள்களோ வாரங்களோ நீடித்துப் பின் குறையக்கூடும். குறைந்துவிட்டது என்பதால் நோய் நீங்கிவிட்டதாகப் பொருளன்று. அறிகுறி தோன்றிய நாள், நீடித்த காலம், பாதித்த உறுப்பு ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, மறைந்த பின்னரும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். திராட்சைத் தோட்டங்களிலும், எல்லை கடந்து ஏலத்தோட்டங்களிலும் வேலை செய்வோர் கால் மரத்துப்போவதையும் சோர்வையும் வேலைக் களைப்பு என்றே எண்ணிவிடுவது எளிது. இவ்வறிகுறிகள் வைட்டமின் பி12 குறைபாடு போன்ற வேறு காரணங்களாலும் வரலாம். எனவே அச்சமின்றிப் பரிசோதித்துக் கொள்வதே முறை.

வெயிலும் நோயும்

கத்திரி வெயில் முடியும் காலத்தை ஒட்டியே மே 30 வருகிறது. உடல் வெப்பம் உயரும்போது, சிதைந்த நரம்புகளின் செயல்திறன் மேலும் குறைந்து பழைய அறிகுறிகள் தற்காலிகமாகத் தலைதூக்கும். காய்ச்சலும் வெந்நீர்க் குளியலும்கூட இதே விளைவைத் தரலாம். உடல் குளிர்ந்ததும் இது தணிந்துவிடும். நோயாளிகள் நண்பகல் வெளிவேலையைத் தவிர்த்தல், நிறைய நீர் அருந்துதல், ஈரத்துணியால் உடலைத் துடைத்தல் ஆகியவற்றைப் பின்பற்றலாம். காய்ச்சலோ வெப்பமோ இல்லாத நிலையில் புதிய அறிகுறி 24 மணி நேரத்திற்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

நோயறிதலும் சிகிச்சையும்

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர் பகுதி மக்கள் முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகலாம். மேல் பரிசோதனைக்குக் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், நரம்பியல் சிறப்புச் சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் பரிந்துரை பெறலாம். நரம்பியல் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆகியவற்றாலும், தேவைப்பட்டால் தண்டுவட நீர்ப் பரிசோதனையாலும் நோய் உறுதி செய்யப்படுகிறது.

நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும், திடீர்த் தாக்குதலின்போது ஸ்டீராய்டு மருந்துகள் மீட்சியை விரைவுபடுத்துகின்றன. நோய்ப்போக்கை மாற்றும் மருந்துகள் அடுத்தடுத்த தாக்குதல்களைக் குறைக்கின்றன. இவற்றுள் கிளாட்ரிபைன், கிளாடிராமர், ரிடுக்சிமாப் ஆகிய மூன்றை உலக சுகாதார நிறுவனம் 2023-இல் இந்நோய்க்கான இன்றியமையா மருந்துகளாகப் பட்டியலில் சேர்த்தது. சிகிச்சை முன்கூட்டியே தொடங்கினால் நிலையான இயலாமை ஏற்படுவதைத் தள்ளிப்போட இயலும். மருத்துவரின் அறிவுரையின்றி மருந்தை நிறுத்தக் கூடாது. இயன்முறைச் சிகிச்சையும் தொடர்தல் நன்று.

சட்ட உரிமைகள்

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்நோய் இடம்பெறவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வரையறுத்த 21 வகை இயலாமைகளுள் இதுவும் சேர்க்கப்பட்டது. அரசு மருத்துவர் குழுவின் சான்று பெற்று, தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இயலாமை 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இடஒதுக்கீடு உள்ளிட்ட உரிமைகள் உண்டு. பராமரிப்பு உதவித்தொகைக்கான தகுதி விவரங்களைத் தேனி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அறியலாம்.

மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 ஆகிய கட்டணமில்லா எண்களை அழைக்கவும்.